உங்கள் கம்பெனி பெயரில் அடுத்தவன் மெயில் அனுப்பாமல் தடுக்க: எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் படிப்படியாக

லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெருப் பக்கம் உள்ள கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களில் பாதி வேலை மெயிலில்தான் ஓடுகிறது. பில் ஆஃப் லேடிங் நகல், டூட்டி கணக்கு, சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் கிடங்கு) கட்டணம், டெலிவரி ஆர்டர் எல்லாம் அதில்தான் வந்து போகின்றன. காசிமேட்டுப் பக்கம் மீன் ஏற்றுமதி செய்பவருக்கும், மணலியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருப்பவருக்கும் இதே கதைதான். இந்த நேரத்தில், “எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, பாக்கியைக் கீழே உள்ள புதிய கணக்கில் போடவும்” என்று உங்கள் முகவரியிலிருந்தே வந்ததுபோல் பார்ட்டிக்கு ஒரு மெயில் போனால், அவர் போட்டுவிடுவார். இதற்கு உங்கள் மெயில் கணக்கை யாரும் உடைக்க வேண்டியதில்லை. பாஸ்வேர்டு தெரிய வேண்டியதும் இல்லை.

காரணம் பழையது. மெயில் அனுப்பும் முறையான எஸ்.எம்.டி.பி. 1982இல் எழுதப்பட்டது. அனுப்புநர் இடத்தில் யார் எந்த முகவரியை எழுதினாலும் அது கேள்வி கேட்காது. பின்னாளில் அதன் மேல் சேர்த்த மூன்று பூட்டுகள்தான் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க். மூன்றும் உங்கள் டொமைனின் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரின்) டி.என்.எஸ்.ஸில், அதாவது அந்தப் பெயருக்கான பொதுக் குறிப்பேட்டில், எழுதும் சில வரிகள், அவ்வளவுதான். இவற்றுக்குத் தனிச் செலவு கிடையாது. ஆனால் அவசரப்பட்டுப் போட்டால் சொந்த இன்வாய்ஸே பார்ட்டியின் ஸ்பாமில் போய் விழும். அதனால் வரிசை முக்கியம்.

கீழே வரும் மாதிரி வரிகளை ஒலிப்பாகத் தமிழில் தந்திருக்கிறோம். டி.என்.எஸ். பேனலில், அதாவது அந்த வரிகளைச் சேர்க்கும் பக்கத்தில், இவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். முடிந்த இடத்திலெல்லாம் உங்கள் மெயில் சேவையின் நிர்வாகப் பக்கத்தில் காட்டும் வரியை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். கையால் அடித்தால் ஒரு புள்ளி விட்டுப் போவது சர்வசாதாரணம். உதாரண டொமைனாக நம்மகம்பெனி.இன் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு மெயிலில் இரண்டு அனுப்புநர்

இது புரியாமல் போனால் பின்னால் வரும் எதுவும் பிடிபடாது. ஒவ்வொரு மெயிலிலும் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் இருக்கிறது. கூரியர் கவர் மேல் ஒரு முகவரி, உள்ளே லெட்டர்ஹெட்டில் ஒரு முகவரி இருப்பதுபோல. கவர் முகவரியை சர்வர்கள் மட்டும் பார்க்கும். மெயில் போய்ச் சேராவிட்டால் திரும்பி வரவேண்டிய இடம் அது. பெறுபவர் திரையில் பார்ப்பது லெட்டர்ஹெட் முகவரியை, அதாவது ‘ஃப்ரம்’ வரியை.

எஸ்.பி.எஃப். சோதிப்பது கவர் முகவரியின் டொமைனை: “இந்த டொமைனுக்காக மெயில் அனுப்ப இந்த சர்வருக்கு அனுமதி உண்டா?” டிகிம் சோதிப்பது மெயிலில் போட்ட டிஜிட்டல் கையெழுத்தை: “இந்தக் கையெழுத்து எந்த டொமைனுடையது, வழியில் யாராவது உள்ளடக்கத்தைத் திருத்தினார்களா?” இரண்டுமே ஃப்ரம் வரியைக் கண்டுகொள்வதில்லை. ஏமாற்றுபவன் தன் சொந்த டொமைனைக் கவரில் போட்டு, எஸ்.பி.எஃப். பாஸ் வாங்கிக்கொண்டு, ஃப்ரம் வரியில் உங்கள் பெயரைப் போடலாம். அதை அடைப்பது டிமார்க். எஸ்.பி.எஃப்., டிகிம் இரண்டில் ஒன்றாவது பாஸ் ஆக வேண்டும். பாஸ் ஆன அந்த டொமைன் ஃப்ரம் வரியின் டொமைனோடு பொருந்தவும் வேண்டும். இந்தப் பொருத்தத்தை ‘அலைன்மென்ட்’ என்பார்கள். இனி வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இங்கேதான் முளைக்கும்.

முதல் வேலை: யார் யார் உங்கள் பெயரில் அனுப்புகிறார்கள்?

டி.என்.எஸ். பேனலைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். உங்கள் டொமைன் பெயரில் எங்கிருந்தெல்லாம் மெயில் போகிறது? எல்லோரும் சட்டென்று சொல்வது ஒன்றே ஒன்று: “நாங்க கூகுள்தான்”, “நாங்க ஜோஹோதான்”. கிளறினால் இன்னும் நாலைந்து வெளியே வரும்.

அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டரில் டேலியிலிருந்து நேராக இன்வாய்ஸும் ஸ்டேட்மென்ட்டும் போகும். அதில் எந்த சர்வர் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். வெப்சைட்டின் என்கொயரி ஃபார்ம், ஹோஸ்டிங் சர்வரிலிருந்து தானாக அனுப்பும். ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் வசதி இருக்கும். சம்பளச் சீட்டு அனுப்பும் பேரோல் சாஃப்ட்வேர், ஷிப்மென்ட் நிலவரம் சொல்லும் சாஃப்ட்வேர், தீபாவளிக்கும் ஆயுத பூஜைக்கும் வாழ்த்து அனுப்பும் பல்க் மெயில் சேவை என்று பட்டியல் நீளும். ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருப்பவரிடம் கேட்டால்கூட ஆன்லைன் ஆர்டர் உறுதி செய்யும் மெயில் என்று ஒன்று தனியாக இருக்கும்.

வெப்சைட் ஃபார்மில் ஒரு பழைய தவறு உண்டு. விசாரிப்பவர் நிரப்பிய முகவரியையே ஃப்ரம் வரியில் போட்டு உங்களுக்கு அனுப்பும்படி எழுதியிருப்பார்கள். யாஹூ 2014இலேயே தன் டொமைனுக்கு டிமார்க்கை ‘ரிஜெக்ட்’ என்று வைத்துவிட்டது. அதனால் யாஹூ முகவரி கொடுத்தவர்களின் விசாரணை உங்களுக்கு வந்தே சேராது. ஃப்ரம் வரியில் உங்கள் டொமைன் முகவரி, ‘ரிப்ளை-டு’ வரியில் வாடிக்கையாளர் முகவரி என்று மாற்றச் சொல்லுங்கள். வெப்சைட் செய்தவருக்கு ஐந்து நிமிட வேலை.

டேலி, ஸ்கேனர் போன்றவற்றை முடிந்தவரை உங்கள் மெயில் சேவையின் எஸ்.எம்.டி.பி. வழியாகவே அனுப்ப வையுங்கள். எத்தனை வழி குறைகிறதோ அத்தனைக்கு வேலை மிச்சம்.

டி.என்.எஸ். எங்கே இருக்கிறது?

டொமைன் வாங்கியது ஒரு இடம், வெப்சைட் ஓடுவது இன்னொரு இடம், டி.என்.எஸ். இருப்பது மூன்றாவது இடம் என்று இருக்கலாம். டொமைன் வாங்கிய கணக்கில் போய் ரெக்கார்டு (டி.என்.எஸ்.ஸில் எழுதும் ஒரு வரி) சேர்த்துவிட்டு, இரண்டு நாள் ஆகியும் ஒன்றும் மாறவில்லையே என்று காத்திருப்பவர்கள் நிறைய. விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் ‘என்.எஸ்.லுக்கப்’ கட்டளையை, வகையை என்.எஸ். என்று குறிப்பிட்டு, உங்கள் டொமைன் பெயரோடு ஓட்டுங்கள். வரும் நேம்சர்வர் பெயரே எந்த நிறுவனம் என்று காட்டிக்கொடுத்துவிடும். ரெக்கார்டைச் சேர்க்க வேண்டியது அங்கேதான்.

லாகின் யாரிடம்? பழைய வெப்சைட் பையனிடம் என்றால் இன்றே வாங்கிவிடுங்கள். டொமைன் பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் மெயிலிலும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இது இல்லாமல் மேற்கொண்டு எதுவும் நடக்காது.

ஏதாவது மாற்றும் முன் இப்போதுள்ள எல்லா ரெக்கார்டுகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். டி.டி.எல். (மற்ற சர்வர்கள் பழைய ரெக்கார்டை எத்தனை விநாடி நினைவில் வைக்கும் என்ற எண்) 14400 அல்லது அதற்கு மேல் இருந்தால், வேலையைத் தொடங்க ஒரு நாள் முன்பே 300 ஆக்கிவிடுங்கள். தப்பு நடந்தால் ஐந்து நிமிடத்தில் திருப்பிக்கொள்ளலாம். எல்லாம் சரியான பிறகு 3600 வைத்தால் போதும்.

இன்னொரு பொறி, ‘ஹோஸ்ட்’ அல்லது ‘நேம்’ என்ற கட்டம். பல பேனல்கள் நீங்கள் அடித்ததன் பின்னால் டொமைன் பெயரைத் தானே ஒட்டிக்கொள்ளும். அங்கே “_டிமார்க்.நம்மகம்பெனி.இன்” என்று முழுசாக அடித்தால், அது “_டிமார்க்.நம்மகம்பெனி.இன்.நம்மகம்பெனி.இன்” ஆகிவிடும். ரெக்கார்டு பேனலில் அழகாகத் தெரியும்; உலகத்துக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் பழைய ரெக்கார்டுகள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்த்து அதே பாணியில் அடியுங்கள்.

எஸ்.பி.எஃப்.

இது டொமைனின் வேரில் போடும் டி.எக்ஸ்.டி. (வெறும் எழுத்து வரி) ரெக்கார்டு. ஹோஸ்ட் கட்டத்தில் @ என்று போடுங்கள் அல்லது காலியாக விடுங்கள். கூகுள் மெயில் மட்டும் பயன்படுத்தும் கம்பெனிக்கு வரி இப்படி இருக்கும்:

வி=எஸ்பிஎஃப்1 இன்க்ளூட்:_எஸ்பிஎஃப்.கூகுள்.காம் ~ஆல்

‘இன்க்ளூட்’ என்பது அந்த நிறுவனத்தின் சர்வர் பட்டியலை ஏற்றுக்கொள்வது. உங்களிடம் சொந்த சர்வர் இருந்தால் ‘ஐபி4:’ போட்டு அதன் ஐ.பி.யை (இணையத்தில் அதன் எண் முகவரியை) எழுதலாம். கடைசியில் வரும் ‘ஆல்’ என்பது பட்டியலில் இல்லாத மற்ற எல்லோரையும் குறிக்கும். அதற்கு முன் ~ போட்டால் ‘சந்தேகி’, - போட்டால் ‘நிராகரி’. + போட்டால் ஊரில் உள்ள யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று அர்த்தம். அதைக் கண்டால் உடனே மாற்றுங்கள்.

~ஆல் போதுமா, -ஆல் வேண்டுமா என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். டிமார்க் போடப் போகிறீர்கள் என்றால் ~ஆல் போதும். -ஆல் இருந்தால் சில சர்வர்கள் டிகிமைப் பார்க்கும் முன்பே எஸ்.பி.எஃப். தோல்வியை மட்டும் வைத்து மெயிலைத் திருப்பிவிடும். ஃபார்வர்டு ஆகும் நல்ல மெயிலும் அதில் அடிபடும்.

அடிக்கடி நடக்கும் கோளாறுகளில் முதலாவது, இரண்டு எஸ்.பி.எஃப். ரெக்கார்டு. ஹோஸ்டிங் வாங்கும்போதே சி-பேனல் (ஹோஸ்டிங் நிர்வாகப் பக்கம்) தானாக ஒன்று போட்டிருக்கும். பிறகு கூகுளுக்கோ ஜோஹோவுக்கோ மாறும்போது அவர்கள் கொடுத்ததைப் புதிதாகச் சேர்த்திருப்பார்கள். ஒரு டொமைனுக்கு எஸ்.பி.எஃப். ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் எதை எடுப்பது என்று தெரியாமல் ‘பெர்ம்-எரர்’ (நிரந்தரப் பிழை) ஆகி இரண்டுமே செல்லாமல் போகும். இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுதி, மற்றதை அழியுங்கள்.

இரண்டாவது, பத்து என்ற வரம்பு. எஸ்.பி.எஃப். வரியைச் சோதிக்கும்போது பத்து டி.என்.எஸ். தேடலுக்கு மேல் போனாலும் ‘பெர்ம்-எரர்’தான். இன்க்ளூட், ஏ (வெப்சைட் சர்வர்), எம்.எக்ஸ். (மெயில் வாங்கும் சர்வர்), ரீடைரக்ட் (வேறு டொமைனின் வரியைப் பார்க்கச் சொல்வது) எல்லாம் கணக்கில் சேரும். ஐபி4, ஐபி6, ஆல் சேராது. ஒரு இன்க்ளூடுக்குள்ளே இன்னும் இரண்டு மூன்று இன்க்ளூட் ஒளிந்திருக்கும், அவையும் கணக்குதான். பயன்படுத்தாத சேவைகளின் இன்க்ளூடை நீக்குவதே முதல் மருந்து. வெப்சைட் மட்டும் அங்கே இருக்கிறது, மெயில் போவதில்லை என்றால் ‘ஏ’, ‘எம்.எக்ஸ்.’ இரண்டும் எதற்கு? எடுத்துவிடுங்கள்.

எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே ஐ.பி.யில் நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் இருக்கும். அந்த ஐ.பி.யை உங்கள் எஸ்.பி.எஃப்.பில் வைத்தால், அதே சர்வரில் இருக்கும் இன்னொருவரின் ஹேக் ஆன தளத்திலிருந்து உங்கள் பெயரில் போகும் மெயிலுக்கும் பாஸ் கிடைத்துவிடலாம். ஆபீஸ் பிராட்பேண்ட் ஐ.பி.யைப் போடுவதும் இதே வம்புதான். ஸ்டேடிக் ஐ.பி. தனியாக வாங்காவிட்டால், அந்த ஐ.பி.யை உங்களோடு தெருவில் பாதிப் பேர் பகிர்ந்துகொண்டிருப்பார்கள். நாளைக்கு அது மாறியும் போகும்.

டிகிம்

டிகிமில் இரண்டு சாவி. ரகசியச் சாவி மெயில் சேவையிடம் இருக்கும். போகும் ஒவ்வொரு மெயிலிலும் அது கையெழுத்துப் போடும். பொதுச் சாவி உங்கள் டி.என்.எஸ்.ஸில் இருக்கும், பெறுபவர் சர்வர் அதை எடுத்துச் சரிபார்க்கும்.

கூகுளில் அட்மின் கன்சோல் போய், ஆப்ஸ், கூகுள் ஒர்க்ஸ்பேஸ், ஜிமெயில், ‘ஆதென்டிகேட் ஈமெயில்’ என்று வரிசையாகத் திறங்கள். டொமைனைத் தேர்ந்து புதிய ரெக்கார்டு உருவாக்கச் சொல்லுங்கள். சாவி நீளம் 2048 பிட். அது தரும் பெயரும் (வழக்கமாக “கூகுள்._டொமைன்கீ”) நீளமான மதிப்பும் டி.என்.எஸ்.ஸில் ஒரு டி.எக்ஸ்.டி. ரெக்கார்டாகப் போக வேண்டும். ரெக்கார்டு வெளியே தெரிய ஆரம்பித்த பிறகு, அதே பக்கத்துக்குத் திரும்பி வந்து ‘ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்’ பொத்தானை அழுத்துங்கள். இந்தக் கடைசிப் பொத்தானை மறப்பவர்கள் அதிகம். டி.என்.எஸ்.ஸில் சாவி இருக்கும், மெயிலில் கையெழுத்து இருக்காது.

மைக்ரோசாஃப்ட் 365இல் டி.எக்ஸ்.டி.க்குப் பதிலாக செலக்டர்1, செலக்டர்2 (செலக்டர் என்பது சாவியின் அடையாளப் பெயர்) என்று இரண்டு சி-நேம் ரெக்கார்டு, அதாவது வேறொரு பெயரைக் கைகாட்டும் வரி, கொடுப்பார்கள். இரண்டையும் போட்டுவிட்டு டிஃபெண்டர் பக்கத்தில் டிகிமை ஆன் செய்யுங்கள். உங்கள் டி.என்.எஸ். கிளவுட்ஃப்ளேரில் இருந்தால் இந்த சி-நேம்களின் பக்கத்தில் இருக்கும் மேகம் ஆரஞ்சு நிறமாக இருக்கக்கூடாது. சாம்பல் நிறமாக்குங்கள், அதாவது ‘டி.என்.எஸ். ஒன்லி’. ஜோஹோவிலும் முறை ஏறக்குறைய கூகுள் மாதிரிதான்: செலக்டர் பெயர் கொடுத்து, வரும் டி.எக்ஸ்.டி.யை ஒட்டி, சரிபார்க்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

2048 பிட் சாவி 255 எழுத்துக்கு மேல் போகும். ஒரு டி.எக்ஸ்.டி. துண்டின் அளவு 255 எழுத்துதான். நல்ல பேனல்கள் தாமே பிரித்துக்கொள்ளும். சில பழைய பேனல்கள் பிழை காட்டும். அதைவிட மோசமாக, வாலைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். அப்படியானால் மதிப்பை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அதற்கும் ஒத்துவராத பேனல் என்றால் 1024 போடலாம், ஆனால் டி.என்.எஸ்.ஸை வேறிடத்துக்கு மாற்றுவதே மேல். வாட்ஸ்அப்பில் சாவியை அனுப்பி அங்கிருந்து நகலெடுத்தால் நடுவில் வரி உடைப்பு புகுந்துகொள்ளும். கவனம்.

இப்போது ஒரு சோதனை. கம்பெனி முகவரியிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ தட்டுங்கள். மேலே ஒரு அட்டவணையில் எஸ்.பி.எஃப்., டிகிம் இரண்டும் பாஸ் என்று வரும். பாஸ் என்றதும் மூடிவிடாதீர்கள். டிகிம் வரியில் எந்த டொமைன் என்று படியுங்கள். உங்கள் டொமைன் இருந்தால் சரி. ‘ஜிஆப்ஸ்எஸ்எம்டிபி.காம்’ என்று முடிந்தால், அது கூகுள் தன் சார்பில் போட்ட கையெழுத்து. மைக்ரோசாஃப்டில் இதே நிலையில் ‘ஆன்மைக்ரோசாஃப்ட்.காம்’ என்று இருக்கும். இரண்டும் செல்லும் கையெழுத்துதான், உங்கள் பெயரோடு பொருந்தாத கையெழுத்து.

தாளில் எழுதிய ஒவ்வொரு வழிக்கும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். டேலியிலிருந்து ஒன்று, ஃபார்மிலிருந்து ஒன்று, ஸ்கேனரிலிருந்து ஒன்று. பல்க் மெயில் சேவைகள் கவரில் தங்கள் டொமைனைத்தான் போடும், அதனால் எஸ்.பி.எஃப். பாஸ் ஆனாலும் பொருந்தாது. அவர்கள் அமைப்பில் ‘டொமைன் ஆதென்டிகேஷன்’ என்ற இடத்தில் போய், உங்கள் டொமைனுக்கான டிகிம் சி-நேம்களை வாங்கிப் போட வேண்டும்.

டிமார்க்கை முதலில் வேடிக்கை பார்க்க மட்டும் போடுங்கள்

ஹோஸ்ட்: _டிமார்க். வகை: டி.எக்ஸ்.டி. மதிப்பு:

வி=டிமார்க்1; பி=நன்; ஆர்யுஏ=மெயில்டு:ரிப்போர்ட்@நம்மகம்பெனி.இன்

‘டிமார்க்1’ என்ற சொல்லை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடியுங்கள். வி=டிமார்க்1 என்பதே முதலில் வர வேண்டும், அடுத்து பி. நடுவில் அரைப்புள்ளி விட்டுப் போகக்கூடாது.

‘பி=நன்’ என்றால் தோற்ற மெயிலையும் தடுக்காதே, எனக்கு அறிக்கை மட்டும் அனுப்பு என்று அர்த்தம். ‘ஆர்யுஏ’ என்பது அந்த அறிக்கை வர வேண்டிய முகவரி. ரிப்போர்ட் என்று ஒரு தனி முகவரி அல்லது குரூப் உருவாக்குங்கள், முதலாளியின் இன்பாக்ஸைக் கொடுக்காதீர்கள். கூகுள் குரூப் என்றால் வெளியாட்கள் அதற்கு எழுத அனுமதி ‘ஆன்’ ஆக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறிக்கை எதுவும் உள்ளே வராது. வேறு டொமைனில் உள்ள முகவரிக்கு அறிக்கை அனுப்பச் சொன்னால், அந்த டொமைனின் டி.என்.எஸ்.ஸிலும் சம்மத ரெக்கார்டு ஒன்று வேண்டும். சொந்த ஜிமெயில் முகவரியைப் போட்டால் வேலை செய்யாது என்பதற்கு இதுதான் காரணம்.

அறிக்கையைப் படிப்பது

ஓரிரு நாளில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் போன்றவர்களிடமிருந்து நாளுக்கு ஒன்று வீதம் சுருக்கிய கோப்புகள் வரத் தொடங்கும். பிரித்தால் உள்ளே எக்ஸ்.எம்.எல். பார்த்ததும் மலைக்கும், ஆனால் கவனிக்க வேண்டியவை நான்கைந்து இடங்கள்தான். அனுப்பிய சர்வரின் ஐ.பி., எத்தனை மெயில், டிமார்க் கணக்கில் டிகிம் பாஸா, எஸ்.பி.எஃப். பாஸா, கடைசியில் எந்த டொமைனின் கையெழுத்து. கோப்பை உள்ளே ஏற்றினால் அட்டவணையாகக் காட்டும் இலவசத் தளங்களும் உண்டு.

ஒரு மாதிரி. ஐ.பி. 203.0.113.25, எண்ணிக்கை 41, டிகிம் ஃபெயில், எஸ்.பி.எஃப். ஃபெயில். உடனே “ஐயோ, 41 போலி மெயில்” என்று பதற வேண்டாம். கீழே உள்ள விவரத்தில் எஸ்.பி.எஃப். பாஸ், டொமைன் மட்டும் உங்கள் ஹோஸ்டிங் கம்பெனி சர்வரின் பெயர் என்று இருந்தால், அது உங்கள் வெப்சைட் ஃபார்ம். பொருத்தம் இல்லாததால் தோற்றது. ஃபார்மை எஸ்.எம்.டி.பி. வழியாக அனுப்ப வைத்தால் தீர்ந்தது. இதுவே ஐ.பி. 198.51.100.7, எண்ணிக்கை 3, இரண்டும் ஃபெயில், கவர் டொமைன் நீங்கள் கேள்விப்படாத ஏதோ ஒன்று என்றால், அது போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். எண்ணிக்கை சிறிதாக இருப்பது ஆறுதல் இல்லை. இன்வாய்ஸ் மோசடிக்கு ஒரே ஒரு மெயில் போதும்.

எஸ்.பி.எஃப். ஃபெயில், டிகிம் பாஸ் என்று வரும் வரிகள் பெரும்பாலும் ஃபார்வர்டு ஆன உங்கள் மெயில்கள். பார்ட்டி தன் பழைய முகவரிக்கு வருவதை ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டிருப்பார். இடையில் உள்ள சர்வர் உங்கள் எஸ்.பி.எஃப்.பில் இல்லை, ஆனால் கையெழுத்து கலையாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த ஐ.பி.யை எஸ்.பி.எஃப்.பில் சேர்க்க வேண்டாம். டிகிம் ஏன் கட்டாயம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எவ்வளவு நாள் பார்ப்பது? குறைந்தது ஒரு முழு மாதம். 1ஆம் தேதி சம்பளச் சீட்டு, 11, 20 தேதிகளை ஒட்டி ஜி.எஸ்.டி. சம்பந்தமாகப் போகும் மெயில்கள், மாதக் கடைசியில் டேலி ஸ்டேட்மென்ட் என்று எல்லாம் ஒரு சுற்று வர வேண்டும். இரண்டே வாரம் பார்த்துவிட்டு இறுக்கினால், மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் சாஃப்ட்வேர் அப்புறம்தான் கத்தும்.

இறுக்குவது

தெரிந்த வழிகள் எல்லாம் பொருத்தத்தோடு பாஸ் ஆனதும் ‘பி=நன்’ என்பதை ‘பி=குவாரண்டைன்’ ஆக்குங்கள். தோற்ற மெயில் ஸ்பாமுக்குப் போகும். இன்னொரு மாதம் அறிக்கையைப் பார்த்துவிட்டு ‘பி=ரிஜெக்ட்’. இப்போதுதான் போலி மெயில் பார்ட்டியின் சர்வர் வாசலிலேயே திரும்புகிறது.

நிறையக் கம்பெனிகள் பி=நன் போட்டதோடு கடையைக் கட்டிவிடுகின்றன. “டிமார்க் இருக்கிறதா?” என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லலாம், போலி மெயில் பழையபடியே போய்க்கொண்டிருக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும், மொத்தமாக மெயில் அனுப்புபவர்களிடம் டிமார்க் கட்டாயம் கேட்கின்றன. ஜிமெயிலில் அந்தக் கணக்கு நாளுக்கு 5,000 மெயில். அந்த விதிக்கு பி=நன் போதும், அதனால்தான் பலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். விதியைத் திருப்திப்படுத்துவது வேறு, பார்ட்டியின் பணத்தைக் காப்பது வேறு.

சப்டொமைன்களை மறக்க வேண்டாம். ‘அக்கவுண்ட்ஸ்.நம்மகம்பெனி.இன்’ என்று இல்லாத ஒன்றைக்கூட ஏமாற்றுபவன் உருவாக்கிக்கொள்வான். உங்கள் சப்டொமைன் எதிலிருந்தும் மெயில் போகவில்லை என்று உறுதியானால், பி=நன் காலத்திலேயே ‘எஸ்பி=ரிஜெக்ட்’ சேர்த்துவிடலாம். பல்க் மெயில் சேவை சப்டொமைன் வழியாக அனுப்புகிறதா என்று மட்டும் முன்னால் பாருங்கள். பொருத்தத்தைக் கடுமையாக்கும் ஏடிகிம், ஏஎஸ்பிஎஃப் அமைப்புகளைத் தொடவே வேண்டாம். சின்னக் கம்பெனிக்கு அதனால் தலைவலிதான் மிச்சம்.

ரிஜெக்ட் போட்ட பிறகு யாராவது “மெயில் திரும்பி வருது சார்” என்றால், திரும்பி வந்த மெயிலில் உள்ள எண்ணைக் கேளுங்கள். ஜிமெயிலிலிருந்து 5.7.26 என்று இருந்தால் இந்தச் சரிபார்ப்பில்தான் பிரச்சனை. அந்த மெயில் எந்த சாஃப்ட்வேரிலிருந்து போனது என்று பாருங்கள், பட்டியலில் விட்டுப்போன ஒன்றாகத்தான் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் பாலிசியைத் தளர்த்துவது கதவைத் திறந்து விடுவது.

இதனால் நிற்காதவை

டிமார்க் காப்பது உங்கள் டொமைனை மட்டும். ஒரு எழுத்து மாற்றி, எம் இருக்கும் இடத்தில் ஆர், என் சேர்த்துப் பதிவு செய்த டொமைனுக்கு அவனே எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றும் போட்டு, மூன்றிலும் பாஸ் வாங்கிவிடுவான். பெயர் மட்டும் உங்கள் பெயராகவும், முகவரி ஏதோ ஜிமெயிலாகவும் வரும் மெயிலையும் இது பிடிக்காது. போனில் முகவரி மறைந்து பெயர் மட்டும் தெரிவதால் இது நன்றாகவே எடுபடுகிறது. உங்கள் மெயில் பாக்ஸே உடைந்திருந்தால் சொல்லவே வேண்டாம், உள்ளேயிருந்து போகும் மெயில் எல்லாச் சோதனையிலும் பாஸ் ஆகும். அதற்கு இரண்டு அடுக்கு லாகின்தான் வழி. ‘ஃபார்வர்டிங்’, ‘ஃபில்டர்’ பக்கங்களில் தெரியாத விதி ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள். பேங்க் கணக்கு மாற்றம் எதையும் ஏற்கெனவே தெரிந்த போன் நம்பரில் கேட்டு உறுதி செய்யாமல் ஏற்க வேண்டாம் என்று பார்ட்டிகளுக்கு இன்வாய்ஸின் அடியிலேயே ஒரு வரி அச்சடித்துவிடுங்கள்.

வாங்கி வைத்துப் பயன்படுத்தாத டொமைன்கள் இருந்தால் அவற்றுக்குக் கண்காணிப்புக் காலமே தேவையில்லை. எஸ்.பி.எஃப்.பில் ‘வி=எஸ்பிஎஃப்1 -ஆல்’, டிமார்க்கில் நேராக ‘பி=ரிஜெக்ட்’. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் ரெக்கார்டு எல்லாம் அப்புறம். பணம் போட்டவர் முதலில் தன் பேங்கைக் கூப்பிட வேண்டும். வெளிநாட்டுப் பார்ட்டி என்றால் அவர் பேங்கில் ஸ்விஃப்ட் ரீகால் (அனுப்பிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் கோரிக்கை) கேட்க வேண்டும். இங்கிருந்து போட்ட பணம் என்றால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைத்து, தேசிய சைபர் கிரைம் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். அந்தப் போலி மெயிலைப் பார்ட்டியிடமிருந்து ஃபார்வர்டு செய்து வாங்காதீர்கள், எந்த சர்வரிலிருந்து வந்தது என்ற தலைப்பு விவரம் அதில் போய்விடும். ‘ஷோ ஒரிஜினல்’ பக்கத்தில் உள்ள டவுன்லோடு பொத்தானை அழுத்தி, வரும் கோப்பை இணைப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.